நோரீனின் புது ஜோடி

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு பிடிவாதக்காரக் கிழவர். ரொம்ப நாள் ஆகிவிடவில்லை, போன கரும்பு வெட்டுக்கு முந்தின வெட்டின்போது நடந்தது.

பெயர் கிளாரி. வயது எண்பத்து மூன்று. குயின்ஸ்லாந்து வெயில் கொடுத்த புற்றுக்காக மூக்கில் ஒரு துண்டும், இடது காதில் பாதியும் வெட்டிக் கொடுத்தவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இந்த முறை டாக்டர் லீனா காட்டியது கால் பெருவிரலை. நகத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு.

"இது அபூர்வமான தோல் புற்று, கிளாரி. சோதனையில உறுதியாயிடுச்சு."

"அறுபது வருஷமா பூட்ஸுக்குள்ள கிடக்கிற விரல்மா அது. வெயிலே பார்க்காத இடத்துல எப்படி வரும்? பந்து விழுந்து கன்னிப் போயிருக்கு."

"இதுக்கு வெயில் வேண்டாம். இப்ப எடுத்தா நகத்தோட போகும். விட்டா உள்ள இறங்கிடும், அப்புறம் உயிருக்கே வினை. ஆபரேஷன் பண்றவர் வியாழக்கிழமை நம்ம ஊருக்கு வர்றார். அதை விட்டா ஆறு வாரம்."

"சனிக்கிழமை எனக்கு ஃபைனல். ஆறு வாரம் கழிச்சே வர்றேன்."

புல்தரையில் பந்து உருட்டும் போட்டி அது. இருவர் சேர்ந்து ஆடுவது. எழுபத்தெட்டு வயது நோரீன்தான் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஜோடி. இறுதி ஆட்டம் வரை வந்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் கிளப்பில் டாக்டர் சொன்னதையும் தான் தள்ளிப்போட்டதையும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார் கிளாரி. நோரீன் மட்டும் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை நீ வேண்டாம்."

"என்ன?"

"போன ஆட்டத்துல நீ உருட்டினதுல பாதி தரையைத் தாண்டி ஓரப் பள்ளத்துல போய் விழுந்துச்சு. உன் கை போயிடுச்சு. நான் வேற ஆள் பார்த்துட்டேன்."

"யாரு?"

"ஒரு சின்னப் பையன். எழுபத்தொண்ணு."



கிளாரி எழுந்தார். "ஜெயிச்சுக்கோ. அந்தக் கோப்பையில டீ ஊத்திக் குடி."

"சர்க்கரை போட்டே குடிக்கிறேன்."

கோப்பை ஆசையில் இத்தனை வருஷ சிநேகத்தைக் கழற்றிவிட்டாளே, கல்நெஞ்சுக்காரி என்று ஊரே நோரீனை வைதது.

ஆட்டம் இல்லை என்றானபின் வேறென்ன வேலை? வியாழக்கிழமை போய்க் காலை நீட்டினார் கிளாரி.

ஏழு வாரம் கழித்து டாக்டர் லீனா சிரித்தார். "மிச்சமில்லாம வந்துடுச்சு. போனது நகம் மட்டும்தான்."

"காதுக்கு இது தேவலை. ஷூ போட்டா ஊருக்குத் தெரியாது."

அங்கிருந்து நேராகக் கிளப்புக்குத்தான் வந்தார். அத்தனை நாளும் கோபத்தில் அந்தப் பக்கமே வரவில்லை. நோரீன் கிளம்பிக்கொண்டிருந்தார். அலமாரியில் கோப்பையைக் காணோம்.

"எங்க நோரீன் கோப்பை? உன் சின்னப் பையன் கவுத்துட்டானா?"

"ஆமா. உன்னைவிட மோசம். விரல் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"அப்ப நாளைக்கு எட்டு மணிக்குப் பயிற்சிக்கு வா. லேட்டா வந்தா வேற ஆள் பார்ப்பேன்."

பையை மாட்டிக்கொண்டு நோரீன் வெளியே நடந்தார்.

கிளாரிக்கு ஒரே குஷி. பியர் ஊற்றிய ரோஸ்கோவிடம் கேட்டார். "எத்தனை புள்ளியில தோத்தாங்க?"

ரோஸ்கோ வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சொன்னா நோரீன் அக்கா என்னைக் கொன்னுடுவாங்க. ஆடவே இல்ல அண்ணே. அன்னைக்குத் தனியா வந்தாங்க, எனக்கு ஜோடி இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க, எதிராளிங்களுக்குக் கை குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்படி ஒரு பையனே கிடையாது."

கிளாரி பியரைத் தொடவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "ஏ நோரீன், நில்லு" என்று குரல் கொடுத்தபடி, நொண்டி நொண்டி அவர் பின்னாலேயே நடந்தார்.