ஒரே நாடாவில் இரண்டு கட்டுகள்

ஒரு கோர்ட் அலமாரியில் நாற்பத்தொன்றாம் எண் வழக்கும் நாற்பத்திரண்டாம் எண் வழக்கும் ஒரே நாடாவில் கட்டுண்டு கிடந்தன. இரண்டும் ஒரே கிணற்றைப் பற்றியவை என்பதால் சேர்த்தே விசாரித்தார்கள். ஆறு வருஷம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் மெலிந்த நாற்பத்தொன்றுக்கு மட்டும் தீர்ப்பு வந்தது. அது செம்பாயியின் வழக்கு. கிணற்றுக்குப் போக அவளுக்குப் பாதை கிடையாது என்றது தீர்ப்பு.

"நான் மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போகிறேன், அண்ணே," என்றது நாற்பத்தொன்று.

"அவசரப்படாதே தம்பி," என்றது தடித்த நாற்பத்திரண்டு. "ஒரே நாடாவில் இருக்கிறோம். எனக்கும் தீர்ப்பு வரட்டும், சேர்ந்தே போவோம்."

சுவரில் இருந்த பல்லி சொன்னது: "உன் நம்பர் வேறு, உன் தீர்ப்பு வேறு. முப்பது நாள்தான் கெடு. இன்றைக்கு மூன்று."

"பூச்சி பிடிக்கிறவனுக்குச் சட்டம் எதற்கு?" என்றது நாற்பத்திரண்டு.

பல்லி தினமும் எண்ணிச் சொன்னது. பதினேழு. இருபத்தாறு. இருபத்தொன்பது. நாற்பத்தொன்று ஒவ்வொரு முறையும் அண்ணனைப் பார்த்தது. அண்ணன், "இன்னும் கொஞ்சம்," என்றது.

முப்பத்தோராம் நாள் குமாஸ்தா வந்தார். நாடாவின் ஒரு முனையை இழுத்தார். வெறும் சுருக்கு முடிச்சுதான், உடனே அவிழ்ந்தது. நாற்பத்தொன்றின் மேல் 'முடிந்தது' என்று எழுதி, பழைய கட்டுகளின் அறைக்கு எடுத்துப் போனார்.

"கெடு உனக்குத் தெரியாதா?" என்று பல்லி கேட்டது.

"தெரியும்," என்றது நாற்பத்திரண்டு. "ஆறு வருஷம் பக்கத்திலேயே இருந்தான். போக விட மனசு வரவில்லை."

குமாஸ்தா திரும்பி வந்தார். நாடா இப்போது நீளமாக இருந்ததால், நாற்பத்திரண்டை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.