பூங்காவில் ஒரு பிளாஸ்டிக் பசு

"யார் பிச்சது? நீதானே?"

"நாந்தானுங்க சாமி. ஆனா எதுக்குன்னா..."

"போதும், வாயை மூடு!"

விஜயநகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் கிருஷ்ணராஜ் போட்ட சத்தத்தில், பூங்காவுக்கு வாக்கிங் வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நடுவில் பூங்கா பெருக்கும் பாப்பாயி நின்றாள். அவள் கையில் கோணிப்பை, பை நிறைய பிளாஸ்டிக் கவர்.

அவளுக்குப் பின்னால் எட்டடி உயரப் பசு. மூங்கில் சட்டத்தில் பழைய பேப்பரை ஒட்டி, அதன் மேல் ஆயிரம் கவர்களை ஒட்டிச் செய்தது. 'பிளாஸ்டிக் தின்று சாகும் மாடுகளுக்காக' என்று பக்கத்தில் போர்டு. அன்று 1996, ஜூன் ஐந்து, சுற்றுச்சூழல் தினம். பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வந்து திறந்து வைக்க வேண்டும்.

இப்போது மணி ஏழு. பசுவுக்கு முதுகும் தலையும்தான் மிச்சம். அதற்குக் கீழே வெறும் மூங்கில்.

"ஒரு மாச உழைப்பு சார்!" என்று தாடியைப் பிடித்துக்கொண்டு புலம்பினார் சிற்பி மதன். "கெமிக்கல் பசை ஒரு சொட்டு கிடையாது. மைதாவும் வெல்லமும் போட்டு நானே காய்ச்சினது. இயற்கைக்கு விரோதமா எதுவும் செய்யக்கூடாதுங்கறது என் கொள்கை!"

"இதுங்களுக்குக் கலையாவது மண்ணாவது" என்றார் செயலாளர் உதயகுமார். "பழைய பேப்பர் கடையில போட்டா என்ன தேறும்னு பார்த்திருப்பா."

"சாமி, விடியக்காலம் வந்து பாத்தா..."

"சும்னிரு!" என்று கன்னடத்தில் அதட்டினார் கிருஷ்ணராஜ். கோபம் தலைக்கேறினால் அவருக்குத் தமிழ் போதாது. "இன்னையோட உனக்கு வேலை இல்லை. மத்தியானத்துக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணு."

பாப்பாயிக்கு முகம் செத்துப்போனது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். எட்டு மாதமாக அந்தத் தகர ஷெட்தான் வீடு, அந்தத் துடைப்பம்தான் சோறு. அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அங்கே யாரும் அவளைக் கேட்டதில்லை. பெருக்குகிறவளுக்கு என்ன பெரிய சரித்திரம்!

"நாம் போயிர்றனுங்க. அதுல கீழ மட்டும் மறுபடி ஒட்டாதீங்க சாமி" என்றாள்.

"மதன், கேட்டீங்களா? உங்களுக்கே பாடம் எடுக்கறா!" என்றார் கிருஷ்ணராஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாயி ஷெட்டுக்குப் போய் மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

கோணிப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கவர்கள் கிழிந்தும் கசங்கியும், வழவழவென்று ஈரமாகவும் இருந்தன. மதன் மூக்கைப் பொத்திக்கொண்டார். புதுக் கவருக்கு எங்கே போவது?

உதயகுமாருக்குத்தான் யோசனை வந்தது. விழாவுக்கு ஓட்டலிலிருந்து டிபன் வந்து இறங்கியிருந்தது. இட்லி, வடை, சட்னி, சாம்பார், தனித்தனியாகக் கவரில் கட்டி, இருநூறு பேருக்கு. சங்கத்து உறுப்பினர்கள் சுற்றுச்சூழலுக்காக அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். கவர்களைக் கழுவ நேரமில்லை. அப்படியே ஒட்டினார்கள்.

"மறுசுழற்சி!" என்று மதன் நெகிழ்ந்துபோனார்.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். பசுவைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று தலையை ஆட்டி ரசித்தார்.

"இந்த எண்ணம் எப்படி வந்தது?"

"போன வருஷம் இதே ரோட்டுல ஒரு மாடு செத்துப் போச்சு சார்" என்று குரலைத் தாழ்த்தினார் மதன். "வயித்தை அறுத்துப் பார்த்தா பதினெட்டு கிலோ கவர்! ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை."

"அடப்பாவமே. யாரோட மாடு?"

"யாருக்குத் தெரியும் சார்? ஏதோ தெரு மாடு."

அதிகாரி உருகிவிட்டார். செத்த மாட்டுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடினார்கள்.

மௌனத்தில் சரக் சரக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தால், திறந்து கிடந்த கேட் வழியாக வந்த ஒரு செவலை மாடு, கயிற்றுக்கு மேல் கழுத்தை நீட்டி, பசுவின் வயிற்றிலிருந்து சாம்பார்க் கவரை நாக்கால் சுழற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மாடுகள் வந்துகொண்டிருந்தன.

"பஹள சென்னாகிதே! ரொம்ப நல்லா இருக்கு!" என்று கை தட்டினார் அதிகாரி. "மாடே வந்து இந்த மாட்டைத் தின்னுது! எப்பேர்ப்பட்ட கற்பனை!"

கூட்டமும் கை தட்டியது.

"எல்லாம் திட்டம் போட்டுச் செய்ததுதான் சார்" என்றார் மதன், கூசாமல்.

"யாரும் மாட்டை விரட்டாதீங்க!" என்று போட்டோகிராபர் முன்னால் ஓடினார். "ரோல்ல ரெண்டே படம்தான் பாக்கி!"

அப்போதுதான் மூட்டையோடு ஷெட்டிலிருந்து வெளியே வந்தாள் பாப்பாயி. மூட்டையைக் கீழே போட்டாள். ஓடிவந்து ஒரு கையால் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையை அதன் வாய்க்குள் விட்டாள். பாதி விழுங்கிய கவர் எச்சில் ஒழுக வெளியே வந்தது.

"காலையிலயும் இதத்தானுங்க தின்னுக்கிட்டு இருந்துதுங்க!" என்று கத்தினாள். "மாட்டு வாய் எட்டற வரைக்குந்தானே பிச்சேன்! போன வருசம் இதே ரோட்டுல என்ற மாடு செத்தது போதாதுங்களா?"

கிருஷ்ணராஜ் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய், தள்ளு! மாட்டை மறைக்காதே, போட்டோ எடுக்கணும்!"