மலையிலிருந்து வந்த வாக்கு

“மலையில இருக்கிறவைக்குக் கடலைப் பற்றி என்னப்பா தெரியும்?” என்று மன்னார் மீனவர் சந்தியாப்பிள்ளையின் மகள் ஒருமுறை கேட்டாள்.

அன்று நாடாளுமன்றத்தில் மீன்பிடி விவாதம். எந்த விவாதத்திலும் கடைசி வாக்கைச் சீட்டுக் குலுக்கி, வேறு தொழில் செய்யும் ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள்; அவர்கள் வீட்டிலிருந்தே பேச்சுகளைக் கேட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். இழுவைப் படகுகளை அனுமதிப்பதா என்பதற்கு அந்தச் சீட்டு மலைநாட்டில் ஒரு வீட்டுக்கு விழுந்தது. அது ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பம். அனுமதி கிடைத்தால் மன்னார்க் கரையில் சிறு வலைகள் மிஞ்சாது.

அந்தக் குடும்பம் கொழுந்து பறிக்கப் போகாமல் விவாதம் முழுவதையும் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றது. அதைக் கேள்விப்பட்ட சந்தியாப்பிள்ளை அந்தோனியார் கோயிலில் முழந்தாளிட்டு அழுதார்.

அடுத்த கூட்டத்தில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு நிலம் கம்பனிக்கா, அங்கே குடியிருப்பவர்களுக்கா என்ற விவாதம் வந்தது. சீட்டு சந்தியாப்பிள்ளை வீட்டுக்கு விழுந்தது. அன்று பார்த்துச் சூடை மீன் கரையோரம் திரண்டு வந்திருந்தது.

“மச்சான், ஏதாவதொரு பொத்தானை அமத்திப்போட்டு வா. உன்ர வீட்டுக்குப் பின்னாலயா தேயிலை முளைக்குது?” என்று சிரித்தான் மைத்துனன் சவிரி.

“தலையிடிக்குதடா. நீ போ.”

எல்லோரும் கடலுக்குப் போனபின் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, பொழுது சாயும்வரை ஒவ்வொரு பேச்சையும் கேட்டார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, ‘குடியிருப்பவர்களுக்கே’ என்ற பொத்தானை அழுத்தினார்.