சிவப்புக் கரைத் துண்டு

வெள்ளைத் துண்டின் ஓரத்தில் சிவப்புக் கரை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. கரை கோணிவிட்டதென்று இரண்டு முறை பிரித்தாயிற்று. இது மூன்றாம் முறை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய மகன் அதைப் பார்த்துச் சிரித்தான். அகதி முகாமுக்கு வேன் ஓட்டுகிறவன் அவன்.

"என் சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சுத் தர மூணு வாரம் இழுத்தடிச்சே. வரப்போற விருந்தாளிக்குத் துண்டுல கரையெல்லாம் வெச்சுத் தைக்கிறியா?"

"பட்டனைத் தொலைச்சது நீ. தொலைச்சவன்தான் காத்திருக்கணும்."

மகனுக்கு மனம் நிறைந்திருந்தது. முகாமில் இடம் போதாமல் ஆட்கள் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். மாடி அறையில் ஒருவரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பத்து நாளாகக் கெஞ்சியும் அவள் மசியவில்லை. "முன்ன பின்ன தெரியாதவங்களை உள்ள விட்டுட்டு நான் வாசல்ல உக்காரணுமா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அவள் மசிந்தது நேற்றுதான். அவன் மேசைமேல் பரப்பிய முகாம் அட்டைகளில் ஒன்றை அவள் கை தானாக எடுத்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர், வயது எழுபத்து நான்கு, தனி ஆள். படத்திலிருந்த முகத்தின் கீழ்ப்பாதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு மட்டும் மிஞ்சியது.

"இவரைக் கூட்டிட்டு வா. வேற யாரும் வேண்டாம். வியாழக்கிழமை, சரியா நாலு மணிக்கு."

"ரெண்டு நாள் முகாம்லதான் இருப்பேன். வரும்போது கையோட கூட்டிட்டு வந்துடறேன்" என்றிருந்தான் மகன்.

இன்று அவன் போனதும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் அவள் ஊர் காலியானது. கணவனும் அவளும் கைக்குழந்தையுமாகப் பக்கத்து ஊருக்கு ஓடி, கொட்டும் மழையில் ஒரு கடிகாரக் கடையின் கதவைத் தட்டினார்கள். கடைக்காரன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலை ஒரு சாண் திறந்தான். நாற்றம் தாங்காதவனைப்போலச் சிவப்புக் கரைத் துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டிருந்தான்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்?" அது ஒன்றுதான் கேட்டான்.

"நாப்பது நாள்தாங்க ஆகுது."

"இடமில்லை. நிக்காதீங்க, போங்க!"

ஜன்னல் அறைந்து சாத்தப்பட்டது. பச்சைக் குழந்தை அழுதால் அவன் தூக்கம் கெடுமே! முகாமைத் தேடி மழையில் ஏழு மைல் நடந்த கணவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் அவன் கண்ணை மூடினான். அப்பா காய்ச்சலில் போனார் என்று மட்டுமே மகனுக்குச் சொல்லி வளர்த்தாள். மீதியை உள்ளுக்குள் மடித்து வைத்திருந்தாள்.

இப்போது கடிகாரக்காரனின் ஊர் காலியாகியிருந்தது.

வியாழக்கிழமை வானமும் அவள் பக்கம் சாய்ந்தது. மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு வேன் வந்து நின்றது. மகன் கையைப் பிடித்து இறக்கிவிட, கிழவர் ஒவ்வொரு படியாக ஏறினார்.

"அம்மா! கதவைத் திற, நனையறோம்!"

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. சிவப்புக் கரைத் துண்டு அவளுடைய மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தது.

"வயசு என்ன?"

"எழுபத்தி நாலும்மா" என்றார் கிழவர்.

"இடமில்லை. நிக்காதீங்க, போங்க!"

அறைந்து சாத்தினாள். கிழவன் கெஞ்சட்டும், ஒரே ஒரு முறை கெஞ்சட்டும். அதன் பிறகு தான் யாரென்று சொல்லிக்கொள்ளலாம். ஜன்னல் பலகையில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

வெளியே மகன் கதவை இடித்தான். "உனக்கென்ன பைத்தியமா? நீதானே கூட்டிட்டு வரச் சொன்னே!"

"அம்மாவைத் திட்டாதீங்க, தம்பி." கிழவரின் குரல் கெஞ்சவில்லை, இரங்கியது. "ரெண்டு நாளா நீங்க வீட்டுப் பக்கமே வரலை. அவங்களுக்கு ஒட்டிக்கிற காய்ச்சல் ஏதோ கண்டிருக்கு. மூக்கை மூடிக்கிட்டு, வயசைக் கேட்டுட்டுத்தானே சாத்தினாங்க? கிழடுக்கும் பச்சைக் குழந்தைக்கும்தான் அது முதல்ல ஒட்டும்."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?"

"காய்ச்சல் வீட்டு வாசல்ல நின்னவன்னு வெளியில தெரிஞ்சா, முகாம்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்களே! என் பெண்டாட்டியையும் பொண்ணையும் வாரிக்கிட்டுப் போன காய்ச்சல் அது. எனக்குத் தெரியாதா?"

உள்ளே, துண்டு அவள் கையிலிருந்து நழுவியது.

"ஒரு நாப்பது நாள் குழந்தைக்காக நானும் இப்படித்தான் ஜன்னலைச் சாத்தினேன், தம்பி."