காற்றோட்டமான ஓட்டல்

இவாஞ்சலின் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஏ.சி. ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது தடவை. எதிரே ஜெபராஜ் மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இதுவும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டான்.

இவள் எட்டாவது பெண். முதல் ஏழு பேரும் டிப்ளமோ, சொந்த வீடு, ஒரே பிள்ளை என்று கேட்டவரைக்கும் நன்றாகத்தான் தலையாட்டினார்கள். ஆள் நேரில் வந்து உட்கார்ந்ததும், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்பதை அவரவர் மூக்கே சொல்லிவிட்டது. ஆம்பூர் டேனரியில், பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடும் இடத்தில் சூப்பர்வைசர். பத்து வருஷத்து வாடை, எந்த சோப்புக்கும் பயப்படாது.

அதனால் இந்தத் தடவை வரன் பார்க்கும் சவுரியம்மாள் ஏற்பாட்டையே மாற்றிவிட்டாள்.

"வீட்டுல வச்சா தானே வம்பு? வேலூர் கோட்டைய சுத்திப் பாக்கற மாதிரி வா. பக்கத்துல நல்ல ஓட்டலா பாத்து உக்கார வச்சிப் பேசு. டேனரின்னு மட்டும் வாயத் தொறக்காத, எக்ஸ்போர்ட் ஆபீஸ்னு சொல்லி வச்சிருக்கேன். பொண்ணு டீச்சர்ப்பா, நாசூக்கானவ."

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தோது என்று பெண் வீட்டிலிருந்தே எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. டேனரிகளுக்கு வார லீவும் வெள்ளிதான். பாதிக் காரியம் முடிந்த மாதிரி ஜெபராஜ் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டான்.

ஊரில் மற்றவர்களுக்கு நல்ல ஓட்டல் என்றால் ருசி. அவனுக்கு ஜன்னல். மூன்று தடவை குளித்து, கூட வேலை செய்கிற மக்பூல் அகமது கொடுத்த அத்தரைக் காது மடல்வரை தடவி, ஜன்னல்களை எண்ணிக்கொண்டேதான் கோட்டை எதிரே வந்து நின்றான். சவுரியம்மாளோ இரண்டு பேரையும் முதலில் கண்ணில் பட்ட ஏ.சி. அறைக்குள் தள்ளிவிட்டு, "எனக்கு முட்டி வலி, கோட்டை சர்ச் மரத்தடியில உக்காந்திருக்கேன்" என்று நழுவிவிட்டாள்.

சர்வர் வந்து தண்ணீர் வைத்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். போய், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பக்கத்து மேஜையில் செருகினார்.

"வேற எடம் போலாமா?" என்றாள் இவாஞ்சலின், முந்தானைக்குள்ளிருந்து. "இங்க எல்லாத்தையும் மூடி மூடி வச்சிருக்காங்க."

"போலாங்க, போலாங்க."

இரண்டாவது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ். ஜன்னல் நான்கு இருந்தது, நான்கையும் யாராவது ஒருவர் முதுகு அடைத்திருந்தது. இலை போட்டு சாம்பாரும் ஊற்றியாயிற்று. பக்கத்தில் ரசம்வரைக்கும் வந்துவிட்ட ஒரு பெரியவர் கையை நிறுத்தினார்.

"இன்னாப்பா இது, தோலு வாடை அடிக்குது? கொழம்புல இன்னாத்தப் போட்டீங்க?"

"சார், நம்ம கடை சுத்த சைவம் சார்!" என்று கல்லாவிலிருந்து முதலாளி அலறினார்.

ஜெபராஜ் கைகழுவிவிட்டுத் திரும்பினால், இவாஞ்சலின் அவனுக்கு முன்னாடியே தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது, கோட்டை அகழியைப் பார்த்த மொட்டைமாடி ஓட்டல். கைப்பிடிச் சுவர் தவிர வேறு சுவரே கிடையாது, மேலே வெறும் கீற்றுப் பந்தல். அப்பாடா என்று ஜெபராஜ் காற்று வரும் திக்கைக் கவனித்தான். அது முதலில் அவள்மேல் பட்டு, பிறகு தன்மேல் பட்டுப் போகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

"இங்க வெயில் அடிக்குதுங்க" என்று இவாஞ்சலின் எழுந்தாள். தன் நாற்காலியை அவனுக்கும் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது காற்று அவன்மேல் பட்டு அவள்மேல் போனது. பதறிப்போன ஜெபராஜ், கண்ணில் தூசி என்று சொல்லி அவளுக்கும் அந்தப் பக்கம் நகர்ந்தான். அவள் மறுபடி எழுந்தாள். பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவன் நொந்துகொண்டே இன்னொரு முறை நகர்ந்தான்.

பரோட்டா வருவதற்குள் இரண்டு பேரும் மாடியின் கடைசிக் கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்டார்கள். மேஜை பத்தடி தள்ளித் தனியாக நின்றது.

"சார், சாப்புடறீங்களா, பார்சல் கட்டிடவா?" என்றார் சர்வர்.

இதற்குமேல் நகர வேண்டுமென்றால் அகழியில்தான் குதிக்க வேண்டும். ஜெபராஜ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். முந்தானை மறுபடி அவள் மூக்குக்குப் போவதைப் பார்த்ததும், சவுரியம்மாள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் காற்றோடு போய்விட்டது.

"மன்னிச்சிக்கோங்க. நான் எக்ஸ்போர்ட் ஆபீஸ் இல்லீங்க. டேனரி. சுண்ணாம்புத் தொட்டியாண்ட வேலை. மூணு வாட்டி குளிச்சேன், போவ மாட்டேங்குது. வந்ததுலேர்ந்து நீங்க மூக்கப் பொத்திக்கினு கஷ்டப்படறதப் பாத்துக்கினுதான் இருக்கேன். வாங்க, உங்கள சவுரியம்மாக்காகிட்ட வுட்டுட்டுப் போய்டறேன்."

முந்தானை மூக்கை விட்டு இறங்கியது. இவாஞ்சலின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"வாடை உங்களுதா? எங்க டேனரிதுன்னு நெனச்சி, எம் பொடவையவே மோந்து மோந்து செத்துக்கினு இருந்தேங்க!"