உப்புத் தண்ணி படாத கார்

சுனாமிக்கு அடுத்த வருஷம், கல்முனையில் பழைய கார் விற்கும் ஜவாத், வாங்க வந்த இஸ்ஸதீனிடம் அடித்துச் சொன்னான்: "நம்பி எடுங்க நானா. கடல் தண்ணி ஒரு சொட்டும் படாத கார். கண்டியில ஒரு டொக்டர் ஓடினது."

இஸ்ஸதீன் காரைச் சுற்றிவந்து, சாரதிப் பக்கக் கதவில் கைவைத்தார்.

"அது திறக்குதில்ல நானா. நானும் எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்திட்டன். மற்றப் பக்கத்தால ஏறுங்க."

இஸ்ஸதீன் கதவின் கீழ் மூலையில் முழங்காலால் ஓர் இடி இடித்து, கைப்பிடியை மேலே தூக்கினார். கதவு திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவினார்.

ஜவாத் வாயைப் பிளந்தான். "இந்த வித்தை எப்பிடி நானா தெரியும்?"

"கடல் கொண்டுபோற வரைக்கும் இத நான் இப்பிடித்தானே தம்பி திறந்தன்!"