மிஞ்சிய ஒரு சொல்

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சி அறையில் காலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. பயிற்சி தரும் பெண், சாவி வரைந்த அட்டையை மேசையில் வைத்து, "இது என்ன சார்?" என்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் அதை உற்றுப் பார்க்கிறார். "நம்பர் ஒன்," என்கிறார். பக்கவாதம் வந்து எழுந்தவருக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு சொல்தான். பட்டறையில் என்ஜின் சீராக ஓடினால் அதை ஒரு தட்டுத் தட்டி அவர் சொல்கிற சொல். இப்போது எல்லாவற்றுக்கும் அதுவே. இழுத்துச் சொன்னால் பசி; வெடுக்கென்று சொன்னால் ஃபேனை நிறுத்து; விடிந்ததும் மெல்லச் சொன்னால், நீ தூங்கினாயா என்று கேட்கிறார். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு இதெல்லாம் அத்துப்படி. "இன்னைக்கு இது போதும் சார்," என்று அந்தப் பெண் அட்டையை எடுக்கப் போகிறாள். அவர் இடது கையால் அதை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, நெற்றி வேர்க்கிறது. துருவேறிய போல்ட்டோடு மல்லுக்கு நிற்கும்போது இருக்கிற அதே முகம். மனைவி வாய்வரை வந்த சொல்லை மென்று விழுங்குகிறாள். "சா..." என்கிறார் அவர். "என்னையா சாகச் சொல்றீங்க?" என்கிறாள் மனைவி. அவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார். கோணிய வாயோரம் எச்சில் வழிகிறது. துடைக்க வரும் அவள் கையை விலக்கி, பொறு என்று உள்ளங்கையைக் காட்டுகிறார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, கீழுதட்டில் மேல்பல்லைப் பதித்து, அடுத்த எழுத்துக்குத் தயாராகிறார்.